சரிபார்க்க ஆளில்லாத மொழி

ஓர் ஏலக்காய் வியாபாரத்தைக் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று தெரிந்த பிறகு அதை மறைத்தேன். மறைப்பதற்காக, என்னைவிடக் குறைந்த வருமானத்தில் இருந்த ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டினேன். மூன்றையும் செய்தது போடிநாயக்கனூரில். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. முதல் குற்றத்தை அறியாமை என்று சொல்லி நெடுநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் பொய். அறியாமை என்றால் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எனக்குத் தெரியும்.

போடியில் உட்கார்ந்து ஸ்பானிஷ் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏலக்காய் இருக்கிறது. ஊருக்கு மேற்கே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் காய் எடுக்கப் போகிறவர்களில் ஏராளமானோர் தேனி மாவட்டத்துக்காரர்கள். விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் இங்கே போடியிலும் மலைக்கு அந்தப்பக்கம் புத்தடியிலும் ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது இங்கே டீக்கடை பெஞ்சில் வேறு பேச்சே கிடையாது. செடிக்கும் ஏலம் என்று பெயர், விற்பதற்கும் ஏலம் என்று பெயர். ஒரே சொல்லை இரண்டு பொருளில் நாள் முழுக்கப் புழங்கியும் இந்த ஊர் ஒருநாளும் குழம்பியதில்லை. குழம்பியது நான்.

1914-ல் ஆஸ்கார் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானியக் காபித் தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து ஏலக்காய் விதை வரவழைத்து, குவாத்தமாலா நாட்டில் ஆல்டா வெராபாஸ் பகுதியில், கோபான் நகரத்துக்குப் பக்கத்தில் ஊன்றினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி அந்த மழைக்கும் அந்த நிழலுக்கும் நன்றாகவே பழகிக்கொண்டது. இன்று உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் அனுப்பும் நாடு அதுதான். பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் கெக்சி மாயா இனத்துச் சிறு விவசாயிகள். அவர்கள் அடுப்படியில் ஏலக்காய்க்குப் பெரிதாக வேலையில்லை. அவர்கள் காயும் நம் காயும் எதிரெதிரே நிற்பது வளைகுடா நாடுகளில், அரபிக் காபிக்காக. நம் வியாபாரிகளுக்கு அது எதிரிச் சரக்கு. ஆனால் வளைகுடாவில் கடை வைத்திருப்பவருக்கு எதிரிச் சரக்கும் சரக்குதான்.

அப்படி ஒருவர்தான் என்னைத் தேடி வந்தார். நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மாலை வகுப்புக்குப் போய் ஸ்பானிஷ் படித்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் அறிமுகப்படுத்தும்போது, “இவருக்கு ஸ்பானிஷ் தெரியும்” என்பார்கள். கேட்பவர் கண்ணில் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதையை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் மொழிபெயர்ப்பு ஒரு தொழிலே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, கடையில் தமிழில் விலை பேசி, மலையேறியதும் மலையாளத்துக்கு மாறிக்கொள்கிறவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். அவர்களை யாரும் மொழிபெயர்ப்பாளர் என்று அழைப்பதில்லை. தப்பாகச் சொன்னால் எதிரே நிற்பவன் அந்த இடத்திலேயே சிரித்துவிடுவான். அடுத்த முறை சரியாகச் சொல்வார்கள். என் ஸ்பானிஷுக்குச் சிரிக்க ஆளில்லை. நான் எழுதியது சரியா தவறா என்று பார்க்கக் கம்பம் முதல் தேனி வரை எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அந்தச் சுகத்தில்தான் நான் கெட்டேன்.

வியாபாரி கேட்டது சின்ன வேலை. குவாத்தமாலாவில் இடைத்தரகர்களைக் ‘கொயோத்தே’ என்பார்கள், ஓநாய்க்குத் தம்பி முறையான ஒரு காட்டு நாய். அந்தக் கொயோத்தேக்களைத் தாண்டி, காய் உலர்த்தும் நிலையம் வைத்திருக்கும் ஒருவரையே நேராகப் பிடித்துவிட்டார். அந்த நிலையக்காரருக்கு ஸ்பானிஷும் கெக்சியும்தான் தெரியும். அவருக்கு அனுப்ப நம் தரப்பட்டியலை ஸ்பானிஷில் தர வேண்டும். குறிப்பாக ஒரு தரம் வேண்டும். அதுவும் பொடி அரைக்கிறவர்களுக்காக, விலை குறைவாக. சரக்கு துபாய்க்கு நேரே போய்விடும்.

பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அக்மார்க் தரப்பெயர்கள் எல்லாம் ‘ஆலப்பி கிரீன்’ என்று தொடங்கும். திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் மலைக்காயெல்லாம் ஆலப்புழைக் கிடங்குக்குப் போய் அங்கிருந்து விற்பனையானது. ஊர்ப்பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் குறைந்தது 7 மில்லிமீட்டர் காய். போல்டு என்றால் 6. இப்படி இறங்கிக்கொண்டே போய், அடியில் ஒரு தரம்: ஆலப்பி கிரீன் லைட். அளவு, குறைந்தது 3.5 மில்லிமீட்டர். வியாபாரிக்கு வேண்டியது அதுதான்.

லைட் என்ற சொல்லைப் பார்த்து யார் அகராதியைத் திறப்பார்கள்? நம் ஊரில் எழுத்தறியாதவர்கூட அந்தச் சொல்லைத் தினமும் பலமுறை சொல்கிறார். “லைட்டைப் போடு” என்றால் விளக்கு. “லைட்டா மழை” என்றால் தூறல். “லைட் கலர் சேலை” என்றால் வெளிறிய நிறம். “மத்தியானம் லைட்டாத்தான் சாப்பிட்டேன்” என்றால் அரை வயிறு. இவ்வளவையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் அப்படிச் செய்யாது. வெளிச்சத்துக்கு ‘லூஸ்’. வெளிறிய நிறத்துக்கு ‘கிளாரோ’. எடை குறைந்ததற்கு ‘லிவியானோ’ அல்லது ‘லிஹேரோ’. பீடி பற்றவைக்க லைட் இருக்கா என்று கேட்டால் ‘ஃபுவேகோ’, அதாவது நெருப்பு. சாலைச் சந்திப்பில் நிற்கும் லைட்டுக்கு ‘செமாஃபோரோ’. பிள்ளை பெறுவதைக்கூட அவர்கள் ‘வெளிச்சத்துக்குக் கொடுப்பது’ என்கிறார்கள். எனவே லைட் என்ற சொல் வரும்போது ஸ்பானிஷ்காரன் முன்னால் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக நழுவிவிட முடியாது.

நான் தேர்ந்தெடுத்தேன். கிரீன் லைட் என்று பார்த்ததும் முதலில் சாலை விளக்கு நினைவுக்கு வந்தது. ‘லூஸ் வேர்தே’ என்றால் அந்த மொழியிலும் அனுமதி தருவது என்றொரு பொருள் உண்டு. அது இல்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது: மேலோட்டமான பொறியில் விழவில்லை என்ற பெருமை. உடனே அடுத்த பொறியில் விழுந்தேன். பச்சையும் லைட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இளம்பச்சைதானே? ‘வேர்தே கிளாரோ’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ‘பிரித்து எழுதுக’ என்று போட்டால் முழு மதிப்பெண் வாங்குகிறவன், மூன்று சொல்லை எங்கே பிரிப்பது என்று பார்க்கவில்லை. ஆலப்பி கிரீன் என்பது ஒரு பெயர், லைட் என்பது தரம். நான் ஆலப்பியை ஒதுக்கிவிட்டுக் கிரீனையும் லைட்டையும் சேர்த்துக் கட்டினேன்.

உண்மையில் அந்த லைட் எடையைச் சொல்வது. ஏலக்காய் வியாபாரத்தில் ‘லிட்டர் வெயிட்’ என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் காயை நிரப்பி எடை பார்ப்பார்கள். அரிசி நன்றாகப் பிடித்த காய் கனக்கும். எக்ஸ்ட்ரா போல்டு லிட்டருக்கு 435 கிராம் இருக்க வேண்டும், போல்டு 415. சரியாக முற்றாமல் பறித்த காய் உலர்த்தும்போது சுருங்கிவிடும். உள்ளே ஏலரிசி இருக்காது, இருந்தாலும் நொய்யாக இருக்கும். அந்தக் காய்க்குத்தான் லைட் என்று பெயர், லிட்டருக்கு 260 கிராம் போதும். பச்சை நிறம் வேறு விஷயம். அது உலர்த்துகிறவர் சூட்டை எப்படிக் கட்டுப்படுத்தினார் என்பதில் இருக்கிறது. வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துப் போகும். ஒரு காய் கரும்பச்சையாக இருந்தும் லைட்டாக இருக்கலாம். வெளுத்திருந்தும் கனக்கலாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது என்று நீங்கள் நினைத்தால் நான் பாதிதான் ஒப்புக்கொண்டவனாவேன். அந்த 260 கிராம் அதே பட்டியலில், அதே வரிசையில், அடுத்த கட்டத்தில் இருந்தது. நான் பார்த்தேன். லிட்டர் எடை என்றால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஏலக்காய் என்ன எண்ணெயா, லிட்டரில் அளக்க? கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் கேட்டால் எனக்குத் தெரியாது என்பதும் தெரிந்துவிடும். எனவே “இந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படாது” என்று முடிவு செய்து அந்தப் பத்தியையே விட்டுவிட்டேன். தனக்குப் புரியாததைப் படிப்பவருக்கு வேண்டாதது என்று தீர்ப்பு எழுதுவது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். அதை நான் அன்றுதான் முதல்முறையாகச் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

போகட்டும், உலர்த்து நிலையக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வோம் என்று குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். ‘வேர்தே கிளாரோ’ தானே என்று கேட்டேன். ‘கிளாரோ, கிளாரோ’ என்று பதில் வந்தது. அந்தச் சொல்லுக்கு வெளிர் என்றும் பொருள், ‘ஆமாம், சந்தேகமென்ன’ என்றும் பொருள். அவர் நிறத்தை உறுதிப்படுத்தினாரா, வாடிக்கையாளருக்கு மரியாதையாக ஆமாம் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று ஃபோனைக் கீழே வைத்தேன்.

துபாய்க்கு வந்த சாம்பிள் காய் உருண்டு திரண்டு, இளம்பச்சையில், பார்க்க லட்சணமாக இருந்ததாம். விலையும் லட்சணமாக இருந்தது. அளவு ‘குறைந்தது 3.5 மில்லிமீட்டர்’ என்றுதானே சொல்லியிருந்தோம். பெரிய காய் அனுப்பியது அவர் தவறே இல்லை. வியாபாரிக்குத் தலைக்கேறிவிட்டது. “பொடிக்குக் காய் கேட்டா பொண்ணு பாக்க வந்தவனுக்குக் காட்டுற மாதிரி காட்டுறான். நம்மள என்னனு நெனச்சான்?” என்று கத்தினார். அந்தப் பேச்சோடு தொடர்பு அறுந்தது. கடைசியில் வேறொரு தரகர் வழியாகவே, முதலில் நினைத்ததைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினார்.

அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். “என்ன தம்பி இது? நாம எழுதுனதுல எதும் கோளாறா?” என்று கேட்டார். கோபத்தோடு கேட்டிருந்தால்கூட எனக்கொரு சாக்கு இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டு பட்டியலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பத்தி ஸ்பானிஷில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறதே. அதில் விரலை வைத்தார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: லைட் என்ன, லிட்டர் என்ன, நான் என்ன எழுதிவிட்டேன் என்பது. விளங்கிய அதே மூச்சில், “டைப் அடிச்சதுல விட்டுப்போயிருக்கும்ணே” என்றேன்.

டைப் அடித்தது அவர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண். என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுத்து எழுத்தாக, புள்ளி பிசகாமல், ஸ்பானிஷின் மேல்குறிகள் உட்பட அடித்துக் கொடுத்தவர். அவருக்கு அந்த மொழி தெரியாது. எனவே தான் எதையும் விடவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. கையெழுத்துப் பிரதி என்னிடம் இருந்தது. எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. திட்டு விழுந்தது. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று யாராவது என்னிடம் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

இப்போது முதல் குற்றத்துக்கு வருகிறேன். என் சித்தி பல வருடம் போடியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனவர். கிடங்குகளில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, முறம் நிறைய ஏலக்காயைக் கொட்டி, வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று தரம் பிரிப்பார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வார். “இன்னிக்குப் பூராம் லைட்டுக் காயிடா. ஊதுனாப் பறக்குது. என்னத்தப் பொறுக்க?” எத்தனையோ சாயங்காலம் இதைக் கேட்டிருக்கிறேன். ஊதினால் பறக்கிற காய் லைட் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

ஆனால் அந்தச் சொல்லை நான் ஆங்கிலம் என்று எண்ணவே இல்லை. சித்தி பேசியது தமிழ். அதில் கலந்திருந்தது ஏதோ உடைந்த சொல். ஆங்கிலம் என்பது நான் சென்னையில் கற்றது, அகராதியில் இருப்பது. மேசைக்கு முன் உட்கார்ந்து ஆலப்பி கிரீன் லைட் என்று படித்தபோது எனக்குள் அகராதி திறந்தது, நிறப்பட்டியல் திறந்தது, சாலை விளக்குகூட எரிந்தது. சித்தியின் குரல் மட்டும் வரவில்லை. வராதபடி நான்தான் பல வருடமாக அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அக்மார்க் பட்டியல் எழுதிய அதிகாரியும் என் சித்தியும் அந்தச் சொல்லை ஒரே பொருளில், ஒரே துல்லியத்தில் பயன்படுத்தினார்கள். நடுவில் படித்தவன் ஒருவன் புகுந்து அதைக் கெடுத்தான். இதை அறியாமை என்று எழுதினால் அறியாதவர்களை அவமதித்ததாகும். இது ஏளனம். என்னை வளர்த்தவர்களின் வாயில் இருந்த ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த ஏளனம்.

உண்மையைச் சொல்லப் போனேன். வியாபாரியிடம் முதலில் போனேன், ஏனென்றால் அது எளிது. அவர் கேட்டுவிட்டு, “அது முடிஞ்சு போச்சுப்பா, இப்ப எதுக்கு?” என்றார். நஷ்டம் அவருக்குப் பழகியது. அந்தப் பெண் இப்போது சின்னமனூரில் வேறொரு இடத்தில் வேலை பார்க்கிறார். அவரிடம் சொன்னபோது நான் எதிர்பார்த்து வைத்திருந்த எதையும் அவர் சொல்லவில்லை. “நான் விடலன்னு எனக்குத் தெரியும் சார். அடிச்சு முடிச்சு ரெண்டு தரம் ஒத்துப் பாத்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க இருக்கும்போதே நீங்க அவர்ட்ட சொல்லிருக்கலாம்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு மொழியில் தான் அடித்ததை அவர் இரண்டு முறை ஒத்துப் பார்த்திருக்கிறார். அந்த மொழி தெரிந்த நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இப்போது என் வேலையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். எந்த மொழிபெயர்ப்பைக் கொடுத்தாலும் கூடவே ஒரு தாள் வைக்கிறேன். எந்தெந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்தது, என்னென்ன பொருள் இருக்கக்கூடும், எதைத் தேர்ந்தேன், எதை விட்டேன் என்று தமிழில் எழுதியிருப்பேன். இதனால் வேலை குறைந்திருக்கிறது. “இம்புட்டுச் சந்தேகம் இருக்குன்னா உனக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. மறுபடி வரவில்லை. ஸ்பானிஷ் பக்கத்தை இந்த ஊரில் எவரும் திருத்த முடியாது. அந்தத் தமிழ்த் தாளை, காய் பொறுக்குகிறவர் முதல் கணக்கு எழுதுகிறவர் வரை யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு, “இது தப்பு” என்று என் முகத்துக்கு நேரே சொல்லலாம். சென்ற மாதம் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.